முதல் எழுத்து மட்டும்

ஜூன் 2, திங்கள்

அண்ணன் கடைக்கு டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. போன வாரம் நூலகத்துப் படிப்பு வட்டத்தில் பேச வந்த அதிகாரி ஒருவர், தேர்வுக்குப் படிப்பவன் நாட்குறிப்பு எழுதவேண்டும், அப்போதுதான் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள முடியாது என்றார். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று எடுத்துக்கொண்டேன்.

பெயர் குற்றாலிங்கம். வயது முப்பத்திரண்டு. ஊர் தென்காசி. இதுவரை எழுதிய அரசுத் தேர்வுகள் ஐந்து. ஆறாவது, ஆகஸ்ட் பதினேழாம் தேதி. இதிலும் வரவில்லை என்றால் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு அண்ணனின் பஞ்சர் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று கோயில் கொடை விழாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன். ரோசத்தில் வந்த வார்த்தை. அண்ணன் முப்புடாதி, "சரிடே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுருதேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் இந்தத் தடவை வந்துவிடும். எனக்குத் தெரியும். காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் என் மனைவி உலகம்மாள் முறம்போன்ற சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருவாள். பொது அறிவுப் புத்தகம் முன்னால் விரிந்திருக்கும். பக்கம் காற்றில் புரளாமலிருக்க, இலை வெட்டும் கத்தரிக்கோலை அதன்மேல் பாரமாக வைத்திருப்பாள். கை இலையைச் சுருட்டும், வாய் கேள்வி கேட்கும். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வேன். கண்ணை மூடினால்தான் எனக்கு மூளை ஓடும். கல்யாணமான நாளிலிருந்து ஐந்து வருஷமாக இதுதான் எங்கள் காலை.

"ஒகேனக்கல் அருவி எந்த ஆத்துல இருக்கு?"

கொஞ்சம் யோசித்தேன்.

"கா..." என்றாள்.

"காவிரி!"

"சரி."

அவள் 'சரி' சொல்லும்போது ஒரு பீடி முடிந்திருக்கும். இன்று இருநூறு கேள்வி. நூற்று எண்பத்தொன்று சரி.

ஜூன் 4, புதன்

விண்ணப்பம் போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மீராள் அக்காதான் என் ஆறு விண்ணப்பங்களையும் தட்டியவர். "எல்லாம் பழைய வெவரந்தான தம்பி? வயச மட்டும் கூட்டிருதேன்" என்றார். வயதில் மூத்தவர், கேலி செய்யலாம்.

உலகு துணைக்கு வந்திருந்தாள். அக்கா அவளைப் பார்த்து, "நீ எம்புட்டு படிச்சிருக்க?" என்றார்.

"பன்னெண்டுக்கா."

"இதுக்குப் பத்தே போதுமே. நீயும் போட்டு வையேன். தம்பிக்கும் தொணையாச்சு."

நானும் சிரித்துக்கொண்டே, "போடுங்கக்கா. ஹால்ல நாங்க முழிக்கதையாவது பாத்துட்டு வரட்டும்" என்றேன்.

உலகு பையைத் திறந்து மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் வைத்தாள். போட்டோகூடப் புதிது. வீட்டில் எலித் தொல்லை அதிகம். அதனால் எல்லாவற்றையும் பையிலேயே வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

சாரல் நாளில் படிப்பது தனி சுகம். வெளியே மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மலை தெரிவதில்லை. தெரு பாதி தெரியும். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும் உலகு கத்தரிக்கோலும் அவள் குரலும் சேர்ந்து ஒரே சத்தமாகிவிடும். அந்தச் சத்தத்துக்குள் நான் மெல்ல இறங்கிவிடுவேன்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தபோது ஒரு கனவு. தமிழ்நாட்டு ஆறுகள் எல்லாம் எங்கள் தெருவில் வரிசையில் நிற்கின்றன. பாலாறு, வைகை, தாமிரபரணி, எல்லாம். ஒவ்வொன்றும் என்னிடம் வந்து, "நான் எங்க உற்பத்தியாகுதேன்?" என்று கேட்கிறது. பதில் சொன்னால் வாசலைக் கடந்து கடலுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் வீட்டுக்குள் வந்துவிடும். புத்தக அலமாரியின் மேல் தட்டில் ஒரு வரையாடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மாநில விலங்கு. நான் எல்லா ஆற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். ஆனாலும் கணுக்கால் வரை தண்ணீர் ஏறியிருந்தது.

எழுந்ததும் உலகு கேள்வியைத் தொடர்ந்தாள்.

"இந்தியாவோட முதல் வைஸ்ராய் யாரு? கா..."

"காவிரி" என்றேன்.

அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கானிங் பிரபு என்று எனக்குத் தெரியாதா என்ன. தூக்கக் கலக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

நூலகத்தில் மாதிரித் தேர்வு. இருநூறுக்குத் தொண்ணூற்று நான்கு. பெஞ்ச் ஆடிக்கொண்டே இருந்தது. மின்விசிறி சத்தம் வேறு. பக்கத்தில் இருந்தவன் வெற்றிலை போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அதே வினாத்தாளை உலகுவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நூற்று எழுபத்தொன்பது. ஆகவே குற்றம் பெஞ்சில்தான்.

ஜூலை 3, வியாழன்

ரேஷன் கடை. புளி, துவரம்பருப்பு. பீடிக் கம்பெனிக்காரர் இன்று கட்டுகளைப் பார்த்துவிட்டு ஒன்றையும் கழிக்கவில்லை. உலகு கைக்கு அந்தப் பெயர் உண்டு.

ஒரு விஷயம். இன்று அரசியலமைப்புப் பகுதி கேட்டுக்கொண்டிருந்தாள். திருத்தம் ஒவ்வொன்றாக, நிறுத்தாமல். நடுவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன், புத்தகம் மூடியிருந்தது. அதன்மேல் ஈர இலை பரப்பியிருந்தாள்.

"ஏளா, பொஸ்தகத்தப் பாக்காமயா கேக்க?"

"அஞ்சு வருசமா இதத்தான கேக்கேன்."

அதுவும் சரிதான். ஐந்து வருஷம் ஒரே புத்தகத்தை வாசித்தால் யாருக்கும் வந்துவிடும்.

ஜூலை 12, சனி

அண்ணன் வந்தான். ஸ்டூல் வாங்கிவிட்டானாம். உயரம் சரியா என்று வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறான். உலகு காப்பி கொடுக்கும்போது, "வீட்டுக்குள்ளயே உலகம் இருக்கு, இவன் பொஸ்தகத்துல தேடுதான்" என்று வழக்கமான கேலியைச் சொன்னான். ஐந்து வருஷமாக இதையேதான் சொல்கிறான். உலகு இன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வேதியியல். எறும்பின் கொடுக்கில் உள்ள அமிலம், "பா...", பார்மிக். சிரிப்பூட்டும் வாயு, "நை...", நைட்ரஸ் ஆக்சைடு. தண்ணீர் பட்ட பாடாக வருகிறது.

நல்ல சாரல். மேகம் இறங்கி ஜன்னல் வரை வந்திருந்தது. நான் மனசுக்குள் எங்கோ பென்னாகரமா தாளவாடியா என்று தெரியாத ஒரு ஊரில், பச்சை மை பேனாவோடு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்காக வெளியே ஜீப் நின்றது. இளநிலை உதவியாளருக்குப் பச்சை மையும் கிடையாது, ஜீப்பும் கிடையாது என்று தெரியும். இருந்தாலும் நின்றது.

அப்போது உலகு கேட்டாள். "நான் பாஸாயிட்டா என்ன செய்வீய?"

கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தில் இல்லாத கேள்வி.

"அடுத்த கேள்வி" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இருவருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். எனக்கு ஊருக்குள்ளேயே, அவளுக்கு ஊருக்கு வெளியே. அவள் பஸ் ஏறித்தான் போகவேண்டும்.

விடைத்தாள் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். நாலு வட்டம் நாலு விடைக்கு. ஐந்தாவது, 'விடை தெரியவில்லை' என்பதற்கு. தெரியாவிட்டாலும் சும்மா விடக்கூடாது, ஐந்தாவதைக் கறுப்பாக்கவேண்டும். முடிவில் எந்த வட்டத்தை எத்தனை தடவை கறுப்பாக்கினோம் என்று எண்ணி எழுதவேண்டும். கூட்டினால் இருநூறு வரவேண்டும்.

"நீங்க அஞ்சாவத எத்தன கறுப்பாக்குவீய?"

"ஒண்ணுகூடக் கிடையாது. தெரியலைன்னு எழுதிக் குடுக்கதுக்கா அங்க போறேன்? குத்துமதிப்பா ஒண்ணப் போட்டுருவேன்."

"எனக்குத் தெரியலன்னா தெரியலன்னு போட்டுருவேன். அதுல என்ன இருக்கு" என்றாள்.

பாவம், முதல் தடவை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தேர்வு முடிந்தது. பரவாயில்லாமல் எழுதியிருக்கிறேன். வினாத்தாள் வழியில் எங்கோ தவறிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. காலையில் உலகு இலைச் சாக்கைத் திறந்தவள், வெகு நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இலை மட்டமாக வந்திருக்கும். கேள்வி கேட்கவில்லை. தேர்வுதான் முடிந்துவிட்டதே.

மத்தியானம் தூங்கினேன். கனவு இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விடைக்குறிப்பு வெளியிட்டுவிட்டார்களாம். மீராள் அக்கா ஆள் அனுப்பினார். உலகு தன் வினாத்தாளை எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம்தான் வினாத்தாள் இல்லையே, அதனால் நான் போகவில்லை. வீட்டில் இருந்து வெங்காயம் நறுக்கினேன்.

திரும்பி வந்து முகம் கழுவினாள். சமையலைப் பார்த்தாள். நானாகத்தான் கேட்டேன்.

"நூத்தி அறுபத்தி மூணு. பதினாலு தெரியலன்னு போட்டேன்" என்றாள், ஏதோ தப்பு செய்துவிட்டவள்போல.

நல்ல மார்க். ரொம்ப நல்ல மார்க். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

செப்டம்பர் 3, புதன்

அந்த அதிகாரி சொன்னது பொய். நாட்குறிப்பிலும் ஏமாற்றலாம். மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு உள்ளதை எழுதிவிடுகிறேன்.

வினாத்தாள் வழியில் தவறவில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் பஸ் இன்னும் வரவில்லை. பதற்றத்தில் கதவோரம் இருந்த பீடி இலைச் சாக்குக்குள் செருகிவிட்டேன். வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, உலகு தினமும் கைவிடும் சாக்கில் கொண்டுபோய் ஒளித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹாலில் எனக்கு ஜன்னலோரம் இடம். வெளியே வேப்பமரம், அதன்மேல் சாரல். முதல் கேள்வியைப் படித்தேன். அது உலகு குரலில் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. கண்ணை மூடினேன். சுளகு தெரிந்தது, ஈர இலை வாசனைகூட வந்தது. கேள்வி கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தேன். இரண்டாவது கேள்விக்குப் போனேன், அதுவும் அப்படியே. பன்னிரண்டாவது கேள்வி, எறும்பின் கொடுக்கில் என்ன அமிலம் என்பது. எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன். நாலு விடையும் கண் முன்னால் அச்சடித்துக் கிடக்கிறது. நாலும் சரிதான் என்று தோன்றுகிறது. அப்போதும் காத்திருக்கிறேன். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தேன். நான் அவளுடைய 'பா'வுக்குக் காத்திருந்தேன்.

ஐந்து வருஷமாக நான் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. அவள் தொடங்கிக் கொடுத்ததை முடித்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

மேற்பார்வைக்கு வந்த டீச்சர் பக்கத்தில் நின்று, "சார், உடம்பு சரியில்லையா? முகம் கழுவிட்டு வாரீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு வட்டங்களைக் கறுப்பாக்கத் தொடங்கினேன். குத்துமதிப்பாகப் போடக்கூடக் கை வரவில்லை. தெரியாததை எல்லாம் தெரியவில்லை என்றே போட்டேன். கடைசியில் எண்ணினால் ஐந்தாவது வட்டம் எழுபத்தொன்று. அதைக் கட்டத்தில் எழுதினேன். அன்றைக்கு நான் நிச்சயமாகத் தெரிந்து எழுதிய ஒரே விடை அதுதான்.

இன்று காலை அவள் கட்டுகளைக் கம்பெனியில் ஒப்படைக்கப் போன நேரத்தில், அந்த வினாத்தாளை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று சாக்கைத் துழாவினேன். இல்லை. அடி வரை கொட்டிப் பார்த்தேன். இல்லை. கடைசியில் அலமாரியில் அவள் சேலைக்கு அடியில் கிடைத்தது. அவளுடைய வினாத்தாளும் என்னுடையதும் ஒன்றாக. ஈரத்தில் சுருங்கிய பக்கங்களை நீவி நீவிச் சரிசெய்து வைத்திருந்தாள்.

தெரியவில்லை என்று போட்ட கேள்விகளை எல்லாம் நான் தாளில் சுழித்திருந்தேன். அந்த எழுபத்தொரு சுழிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒவ்வோர் எழுத்து எழுதியிருந்தாள். விடை இல்லை. முதல் எழுத்து மட்டும்.

பா. வை. செ. ம. பு.

அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசித்தேன். எழுபத்தொன்றும் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. எழுபத்தொன்றும் கடகடவென்று வந்தது. அழுதேன்.

அவள் திரும்பி வந்தபோது தாள் என் மடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்காகத்தான் சொல்ல ஆரம்பிச்சேன்" என்றாள். "நீங்க ரோசிச்சுக்கிட்டே இருப்பிய, எனக்குக் கட்டு முடியாது. சுருக்கா முடியட்டும்னு மொத எழுத்தச் சொல்லுவேன். அப்புறம் பாத்தா, சொன்ன ஒடனே உங்க மொகம் அப்படித் தெளியும். அதப் பாக்கதுக்காகச் சொன்னேன். ஒத்தாசைன்னுதான் நெனச்சேன். வெனையாப் போச்சே."

"உனக்கு யாரு மொத எழுத்து சொன்னா?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரு சொல்லுவா?"

செப்டம்பர் 21, ஞாயிறு

கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூல் உயரம் சரியாகத்தான் இருக்கிறது. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அண்ணன் கேலி செய்வான் என்று நினைத்தேன். அவன் ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, "நல்ல சட்டையக் கழத்திப் போடுடே, கரி ஆயிரும்" என்றான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ட்யூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வருகிறது. முழு ட்யூபையும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். குமிழிதான் முதல் எழுத்து, எனக்கு ஏற்ற தொழில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன், "என்னத்தல தண்ணியப் பாத்துச் சிரிக்க?" என்றான்.

நவம்பர் 13, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மீராள் அக்கா திரையில் எண்களை மேலே தள்ளிக்கொண்டே போனார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். உலகு எண் இருந்தது. என் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, நடுவில் யாருமே இருந்ததில்லை என்பதுபோல.

மீராள் அக்கா உலகுவைக் கட்டிக்கொண்டு அழுதார். உலகு என்னையே பார்த்தாள். நான் சிரித்தேன். அக்கம்பக்கம் எல்லாருக்கும் லாலாக் கடை அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். அவளுக்குக் கிடைத்ததில் சந்தோஷமும் இருக்கிறது, அதுவும் பொய்யில்லை. ஆனால் அல்வாவை வாயில் போட்டபோது பொறாமைதான் முதலில் வந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டு லாரி டயர். முழங்கை வரை கரி. இரவுச் சாப்பாட்டுக்கு உலகு துவையல் அரைத்தாள். கேள்விகள் நின்றுபோனதில் வீடு பெரிதாகத் தெரிகிறது.

ஜனவரி 8, வியாழன்

புது டைரி. இந்தத் தடவை கம்பெனிக்காரர்கள் எனக்கென்று தனியாக ஒன்று கொடுத்தார்கள்.

நேற்று சென்னையில் கலந்தாய்வு. தேர்வானவர்களை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். நான் வெளியே மரத்தடியில் மற்ற புருஷன்மார்களோடும் அப்பாக்களோடும் நின்றேன். இத்தனை வருஷமாக நான் கனவில் ஏறிப்போன படி அது. அவள் ஏறிப்போவதைப் பார்த்தேன். அவளுடைய செருப்பில் ஒரு வாருக்கு ஊக்குப் போட்டிருந்தது. புதுச் செருப்பு வாங்கித் தரவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பக்கத்து மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டனவாம். இருந்ததில் ஒன்றை எடுத்திருக்கிறாள்.

"எந்த ஊரு?"

"பென்னாகரம்" என்றாள். முழுவதாகச் சொன்னாள்.

ஜனவரி 19, திங்கள்

வேலை உத்தரவு வந்து மூன்று நாளாகிவிட்டது. ஒன்றாம் தேதிக்குள் சேரவேண்டும். அண்ணன் நேற்று வந்து, "பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா எப்படிடே விட? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்கன பக்கத்துல ஏதாச்சும் பாக்கச் சொல்லு" என்றான். அவன் நல்லதற்குத்தான் சொல்கிறான். எனக்குள்ளும் ஒருவன், ஆமாம், அப்படியே ஆகட்டும் என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு தேர்வு எழுதியவன். அவள் போகாவிட்டால் நான் தோற்றது பாதியாகிவிடும் என்பது அவன் கணக்கு. நான் பேச்சை லாரி டயர் பக்கம் திருப்பினேன். உலகு அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று கடைக்கு விடுமுறை. காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்தால், அவள் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் கட்டுகள். முன்னால் புத்தகம் இல்லை, வேலை உத்தரவு. அதன்மேல் கத்தரிக்கோல்.

நான் பழக்க தோஷத்தில் எதிர்ச் சுவரில் போய்ச் சாய்ந்தேன். பனி இன்னும் விலகவில்லை. மலை இருக்கும் இடம் வெள்ளையாக இருந்தது. இலை வாசனை, சுருட்டும் சத்தம். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் காலை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை அறியாமல் கண் மூடியது.

"ஒரு கேள்வி கேக்கேன்" என்றாள்.

"கேளு."

"பென்னாகரத்துக்கு நான் போவட்டுமா, வேண்டாமா?"

காத்திருந்தேன். பிறகு, காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்து, கண்ணைத் திறந்தேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு அவள் கேள்வி கேட்கும் முகத்தைப் பார்த்தேன். கை அசையாமல் இருந்தது. பாதி சுருட்டிய இலை விரலில் இருந்தது. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ஓர் எழுத்துகூட வெளியே வந்துவிடக்கூடாது என்று அப்படி இறுக்கியிருந்தாள்.

அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. நானாகத்தான் சொல்லவேண்டும்.

"போ..." என்றேன்.

போயிட்டு வா என்று சொல்ல நினைத்தேன். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் வெறும் 'போ' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மீதி வரவில்லை. அந்த ஓர் எழுத்து மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. நான் மறுபடி வாயெடுத்தேன். மறுபடியும் 'போ'தான் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. ஐந்து வருஷமாக அவள் என் முகத்தில் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

"போவோம்" என்றாள்.

நான் நினைத்த விடை அது இல்லை. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"சரி" என்றேன்.

அவள் குனிந்து அந்தப் பாதி இலையைச் சுருட்டி முடித்தாள். அப்புறம், பஸ்ஸில் பத்து மணி நேரம் சும்மா உட்கார முடியாது, புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த தேர்வு வரத்தானே போகிறது என்றாள். வழியெல்லாம் கேள்வி கேட்பாளாம். ஒகேனக்கல்லில் இருந்தே தொடங்குவாளாம். முதல் எழுத்து மட்டும் தரமாட்டாளாம்.

சாயங்காலம் அண்ணனிடம் போகவேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான் ஒரு செட் கேட்கவேண்டும். பென்னாகரத்திலும் டயர் இருக்கும். வரும் வழியில் அவளுக்குச் செருப்பு.